ஆண்ட பரம்பரையின் புதைமேடுகள்

கற்பனை நிலத்தில் போய் சாதியைத் தேடாதே என்று எனக்கு அறிவுரை சொல்லும் தோழர்கள் உண்டு. டிராகனும் எல்ஃபும் குள்ளர்களும் உலவுகிற கதையில் எதற்கு அரசியல், கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்க விடு என்பார்கள். எனக்கு மறுப்பில்லை. நானும் அந்தக் கதைகளை ஆசையோடு படிக்கிறவள்தான். ஆனால் நான் ஈமச்சின்னங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். எந்தக் கதையில் யார் செத்தாலும், எங்கே புதைத்தார்கள், குழி வெட்டியது யார், அந்த இடத்தில் யாரைப் புதைக்க விடவில்லை என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விகளோடு ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை மறுபடி படித்தேன். அதில் வரும் பழைய புதைமேடுகளைப் பற்றி நம் ஆட்களிடம் பேசியே ஆக வேண்டும் என்று தோன்றியது. அந்த மேடுகளுக்குள் கிடப்பது ஆண்ட பரம்பரை.

படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த இடம் தெரிந்திருக்காது. பீட்டர் ஜாக்சன் 2001-இல் எடுத்த முதல் படத்தில் அந்த அத்தியாயமே கிடையாது. 2024-இல் வந்த அமேசான் தொடரின் இரண்டாம் பருவத்தில் ஓரளவு தலைகாட்டியது. நாவலில் அது முதல் புத்தகத்தின் எட்டாவது அத்தியாயம். ஹாபிட்கள் எனப்படும் சின்ன உருவ மனிதர்கள் நான்கு பேர், ஃப்ரோடோ, சாம், மெர்ரி, பிப்பின், தங்கள் ஊரான ஷயரை விட்டுக் கிளம்பிப் போகிறார்கள். பழங்காட்டைத் தாண்டினால் புல் போர்த்திய மொட்டைக் குன்றுகள். குன்றுகளின் மேல் மண்மேடுகள், செங்குத்தாக நிற்கும் கற்கள், கல்வட்டங்கள். இந்தப் பகுதிக்குப் பேரோ-டவுன்ஸ் என்று பெயர். எல்ஃப் மொழியில் டிர்ன் கோர்த்தாத்.

டோல்கீன் இதற்கு ஒரு முழு வரலாறு எழுதி வைத்திருக்கிறார். நாவலின் பின்னிணைப்பில் அது இருக்கிறது. மேடுகளில் பலவற்றைக் கட்டியவர்கள் முதலாம் யுகத்து மனிதர்கள். பல ஆயிரம் ஆண்டுகள் கழித்துக் கடல் கடந்து திரும்பிவந்த டூனடைன் என்ற அரச இனத்தார், இவை எங்கள் முன்னோர் மேடுகள் என்று போற்றி, தங்கள் பிரபுக்களையும் அரசர்களையும் அங்கேயே புதைக்கத் தொடங்குகிறார்கள். அவர்களுடைய ஆர்னோர் நாடு மூன்றாம் யுகம் 861-இல் அண்ணன் தம்பி சண்டையில் மூன்றாக உடைகிறது. அதில் ஒன்று கார்டோலான். வடக்கே அங்மார் என்ற பகை நாடு எழும்பி 1409-இல் கார்டோலானைச் சூறையாடுகிறது. 1636-இல் வந்த கொள்ளைநோயில் மிச்சமிருந்த டூனடைன்களும் சாகிறார்கள். ஆளில்லாத மேடுகளுக்குள் அங்மாரிலிருந்து வந்த கெட்ட ஆவிகள் குடியேறுகின்றன. அவற்றுக்குத்தான் பேரோ-வைட் என்று பெயர். ‘வைட்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் உயிர், பிராணி என்ற அளவுக்குத்தான் பொருள். மேட்டில் இருக்கும் ஒன்று, அவ்வளவே.

இந்த வரலாற்றில் ஓரிடத்தில் நின்று யோசிக்க வேண்டும். யாரோ கட்டிய மேட்டில் பிற்காலத்து அரச குலம் தன் பிணங்களைக் கொண்டுபோய்ப் புதைக்கிறது. இது டோல்கீனின் வெறும் கற்பனை இல்லை. இங்கிலாந்தில் ஆங்கிலோ-சாக்ஸன் காலத்து மக்கள், தங்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முந்தைய வெண்கலக் காலத்து மேடுகளில் தங்கள் இறந்தோரைப் புதைத்திருக்கிறார்கள். வந்தேறிய நிலத்தை முப்பாட்டன் நிலமாக்கிக்கொள்ள அது ஒரு வழி என்று தொல்லியலாளர்கள் பலர் சொல்கிறார்கள். 1925 முதல் 1945 வரை ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்ஸன் பேராசிரியராக இருந்தவர் டோல்கீன். மேட்டின் அரசியல் அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

ஆனால் அவருக்கும் ஒரு பார்வைக் குறை இருந்தது. ஹாபிட்களுக்கு அடைக்கலம் கொடுக்கும் டாம் பாம்பாடில் என்ற கிழவர், முந்தைய அத்தியாயத்தில் இந்தக் குன்றுகளின் கதையைச் சொல்கிறார். ஆட்டு மந்தைகள் கத்துகின்றன, சுவர்கள் எழுகின்றன, சிற்றரசர்கள் மோதிக்கொள்கிறார்கள், கோட்டைகள் எரிகின்றன, செத்த ராஜா ராணிகளின் பாடைமேல் தங்கம் குவிகிறது, மேடு மூடுகிறது, புல் வளர்கிறது, கொஞ்ச நாள் ஆடுகள் அதை மேய்கின்றன. மிக அழகான பகுதி. அதில் ஆடு இரண்டு முறை வருகிறது, ஆடு மேய்த்தவர் ஒரு முறைகூட வரவில்லை. மண் சுமந்தவர், கல் இழுத்தவர், கதவுக் கல்லை நிறுத்தியவர் யாருமில்லை. செயப்பாட்டு வினையிலேயே மேடுகள் எழும்பிவிடுகின்றன. நம் ஊர்க் கோயில் தல வரலாறுகளும் இப்படித்தான் எழுதப்படும்.

டோல்கீன் தன் மேட்டுப் பேயை 1934-இல் வெளியிட்ட ஒரு கவிதையிலேயே கொண்டுவந்துவிட்டார். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1939 கோடையில், சட்டன் ஹூ என்ற இடத்தில் நிஜமான அரச மேடு ஒன்று திறக்கப்பட்டது. உள்ளே ஒரு முழுக் கப்பலின் தடம், தலைக்கவசம், பொன். அதைக் கண்டுபிடித்த பேசில் பிரவுன் பல்கலைக்கழகம் போனவரில்லை. பண்ணை வேலை செய்துகொண்டே தானாகத் தொல்லியல் கற்றவர். கண்டுபிடிப்பு பெரிதென்று தெரிந்ததும் படித்தவர்கள் வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். அவர் பெயர் வெளியே வரப் பல காலம் ஆயிற்று. அதே இடத்தில் 1980களில் தொடங்கிய அகழாய்வில் வேறு வகைப் புதைகுழிகளும் கிடைத்தன. அரசர்களின் காலத்துக்குப் பிறகு அங்கே தூக்குமரம் நட்டிருக்கிறார்கள். தூக்கிலிடப்பட்டவர்களை மேடுகளைச் சுற்றியே கோணல்மாணலாகப் புதைத்திருக்கிறார்கள். எலும்புகூட மிஞ்சவில்லை, மணலில் உடல் வடிவக் கறை மட்டும். தங்கம் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. சட்டன் ஹூ என்றதும் அந்தக் கறைகளை நினைப்பவர் எத்தனை பேர்?

இனி புல்லுக்கு வருகிறேன். டோல்கீனின் உலகில் ஒரு பிணத்தின் அந்தஸ்து என்ன என்பதை அதன்மேல் முளைக்கும் புல்லை வைத்தே சொல்லிவிடலாம். ரோஹன் நாட்டுத் தலைநகர் வாசலில் அரசர்களின் மேடுகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன, ஒரு பக்கம் ஒன்பது, மறுபக்கம் ஏழு. அவற்றின்மேல் சிம்பெல்மினே என்ற வெள்ளைப் பூ பூத்துக்கொண்டே இருக்கும். படத்தில் மகனைப் புதைத்துவிட்டு தியோடன் அரசர் அழும்போது கையில் வைத்திருப்பாரே, அந்தப் பூதான். அவருடைய குதிரை போர்க்களத்தில் செத்தபோது அதற்கும் குழி வெட்டி, எழுத்துப் பொறித்த கல் நட்டார்கள். அங்கே புல் பச்சைப் பசேலென்று நீளமாக வளர்ந்தது.

ஹெல்ம்ஸ் டீப் போருக்குப் பிறகு நடப்பதைப் படியுங்கள். அரசரின் மெய்க்காவல் தலைவன் ஹாமாவுக்குக் கோட்டை நிழலில் தனிக் கல்லறை. ரோஹன் வீரர்களுக்கு இரண்டு மேடுகள், கிழக்குப் பகுதிக்காரர்கள் ஒன்றில், மேற்குப் பகுதிக்காரர்கள் இன்னொன்றில். எதிர்த்தரப்பில் நின்ற டன்லண்ட் மலைவாசிகளுக்குச் சற்றுத் தள்ளி, அகழிக் கரைக்குக் கீழே தனி மேடு. ஓர்க்குகளுக்கு? அவற்றை எரிக்கவும் முடியாமல் புதைக்கவும் முடியாமல் குவித்து வைக்கிறார்கள். இரவில் மரங்கள் வந்து அப்புறப்படுத்துகின்றன. ஒரு மைல் தூரத்தில் பெரிய குழியும் அதன்மேல் கற்குவியலும் மிஞ்சுகின்றன. அதற்குச் சாவுமேடு என்று பெயர். எந்த மனிதரும் அதன்மேல் கால் வைத்ததில்லை. அங்கே புல் முளைக்கவில்லை.

அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதை விளக்க இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைத்ததில்லை. மேலே ஒருவர், கீழே ஒருவர் என்ற இரண்டு தட்டு மட்டுமல்ல இது. ஒவ்வொரு தட்டுக்கும் கீழே இன்னொரு தட்டு இருக்கிறது. மலைவாசிக்குத் தனி மேடு என்பது அவமானம்தான், ஆனால் ஓர்க்கின் குழியைப் பார்க்கும்போது அது மரியாதை மாதிரி தெரியும். இந்த மலைவாசிகள் யார் என்பதையும் டோல்கீனே சொல்கிறார். ரோஹன்காரர்களுக்கு முன்பே அந்த நிலத்தில் இருந்தவர்கள். மூன்றாம் யுகம் 2510-இல் கோண்டோர் அந்த நிலத்தை எடுத்து இயோர்ல் என்பவனுக்குப் பரிசாகக் கொடுத்தது. அங்கே இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. ஐந்நூறு ஆண்டுகளாக அவர்கள் அதை மறக்கவில்லை என்று கோட்டைக்குள் இருக்கும் ரோஹன் கிழவர் ஒருவரே பேசுகிறார். அந்த மனக்குறைக்கு நாவலில் கிடைத்த பதில் மன்னிப்பும் தனி மேடும். நிலம் கிடைக்கவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது புல்தான். மனிதர்கள் தள்ளிப் புதைத்தார்கள் என்றால் அது மனிதர்கள் செய்த அநியாயம் என்று சொல்லலாம். அங்கே புல்லே முளைக்கவில்லை என்று எழுதினால், மண்ணும் அப்படித்தான் நினைக்கிறது என்றாகிவிடுகிறது. ஊர் போட்ட கோட்டை இயற்கை போட்ட கோடாகக் காட்டும் வேலை நமக்குப் புதிதில்லை. தீட்டு என்ற ஒரே சொல்லில் இரண்டாயிரம் ஆண்டுகளாக இதைத்தான் செய்துவருகிறார்கள். ஓர்க்குகளின் பக்கம் நின்று இந்தக் கதையைப் படித்துக் காட்டியவர் ஜமைக்காப் பின்னணி கொண்ட கறுப்பின மெய்யியலாளர் சார்லஸ் மில்ஸ். ‘இன ஒப்பந்தம்’ என்ற நூலை 1997-இல் எழுதியவர். டோல்கீன் பற்றிய அவருடைய கட்டுரை அவர் மறைவுக்குப் பிறகு 2022-இல்தான் அச்சில் வந்தது. தேடிப் படியுங்கள்.

இதற்காக டோல்கீனை இனவெறியர் பட்டியலில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். 1938-இல் ஜெர்மன் பதிப்பகம் ஒன்று, நீங்கள் ஆரியரா என்று அவரிடம் கேட்டது. ஆரியம் என்பது மொழி வகை, என் முன்னோர் யாரும் இந்துஸ்தானியோ பாரசீகமோ பேசவில்லை என்று கிண்டலாகப் பதில் வரைவு எழுதியவர் அவர். அதோடு 1916-இல் சொம் போர்முனையில் நின்றவர். நெருங்கிய நண்பர்கள் இரண்டு பேரை அந்த ஒரே ஆண்டில் இழந்தவர். அந்தப் போரில் இறந்தவர்களுக்காக 1917-இல் பிரிட்டன் ஒரு கல்லறை ஆணையம் அமைத்தது. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்பது அதன் கொள்கை. நூறு ஆண்டுகள் கழித்து, 2021-இல், அதே ஆணையத்தின் அறிக்கை ஒப்புக்கொண்டது என்ன தெரியுமா? ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களும் சுமைத்தொழிலாளர்களும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயர் பொறிக்கப்படாமலோ நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள். சமத்துவம் என்று எழுதி வைத்த இடத்திலேயே இந்த நிலை. 2019-இல் வாணியம்பாடி அருகே, பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்களே, அந்தக் காணொளியைப் பார்த்த யாருக்கும் சாவுமேடு கற்பனையாகத் தெரியாது.

இதெல்லாம் டோல்கீன் மேல் நான் வைக்கும் குற்றச்சாட்டு. ஆனால் எழுத வந்தது இதற்காக மட்டுமில்லை. அவருடைய அந்த எட்டாவது அத்தியாயத்தில் நமக்கு வேண்டிய ஒன்று இருக்கிறது.

மூடுபனியில் வழி தவறிய நான்கு ஹாபிட்களை மேட்டுப் பேய் பிடித்துக்கொள்கிறது. ஃப்ரோடோ கண் விழிக்கும்போது கல்லறைக்குள் கிடக்கிறான். பக்கத்தில் மற்ற மூன்று பேரும் மல்லாந்து கிடக்கிறார்கள். முகம் பிணம்போல வெளுத்திருக்கிறது. உடம்பில் வெள்ளுடை, தலையில் பொன் வளையம், இடுப்பில் பொன் சங்கிலி, விரல் நிறைய மோதிரம், பக்கவாட்டில் வாள், காலடியில் கேடயம். மூன்று பேர் கழுத்தின் மேலும் குறுக்காக ஒரே நீண்ட உருவிய வாள்.

பேய் அவர்களைக் கொல்வதற்கு முன் அரசர்களாக்குகிறது. சாதாரணக் குடியானவர் ஊரிலிருந்து வந்தவர்கள், அதில் ஒருவன் தோட்டக்காரன். அவர்களுக்குச் செத்துப்போன அரச குலத்தின் உடையைப் போட்டு, செத்தவனின் நினைவையும் உள்ளே இறக்குகிறது. விழித்து எழுந்த மெர்ரி முதலில் பேசுவது தன் பேச்சே இல்லை. கார்ன் டூமின் ஆட்கள் ராத்திரியில் வந்து எங்களைத் தோற்கடித்தார்கள், என் நெஞ்சில் ஈட்டி பாய்ந்தது என்று மார்பைப் பிடித்துக்கொள்கிறான். என்றோ நடந்த போர், எவனுக்கோ பட்ட காயம், இவனுக்கு வலிக்கிறது.

இன்ஸ்டாகிராமில் ‘ஆண்ட பரம்பரை’ என்று தட்டிப் பாருங்கள். பதினெட்டு வயசுப் பையனின் முகத்தில் செயற்கை நுண்ணறிவு கிரீடம் வைத்திருக்கும், கையில் வாள், பின்னால் யானை. என்றைக்கோ தோற்ற போருக்கு இன்று பக்கத்துத் தெருவில் பழிவாங்குவதாக வசனம். அந்தப் பையனுக்கு அரசு வேலை இல்லை, நிலம் இல்லை, அரசனின் சட்டை மட்டும் கிடைத்திருக்கிறது. அந்த வாள் எங்கே கிடக்கிறது என்று அவனுக்குத் தெரிவதில்லை. பல சமயம் அது முதலில் விழுவது அவன் வீட்டுப் பெண்ணின் கழுத்தில். சாதி தாண்டிக் காதலித்த தங்கைகளைக் கேட்டால் சொல்வார்கள். ஒருவேளை சொல்ல அவர்கள் உயிரோடு இருக்க மாட்டார்கள். டோல்கீனின் கோண்டோரிலும் இது நடக்கிறது. இளவரசன் வலகார் வடக்கத்திப் பெண் ஒருத்தியை மணக்கிறான். அவர்களுடைய மகன் எல்டகார் அரசனானதும், கலப்பு ரத்தம் ஆளக் கூடாது என்று உறவினர்களே கிளம்புகிறார்கள். 1432 முதல் 1448 வரை உள்நாட்டுப் போர். எல்டகாரின் மூத்த மகனைக் கொல்கிறார்கள். ரத்தச் சுத்தம் பேசிய அந்தப் போரில்தான் அந்த அரச குலம் அதிகம் ரத்தம் இழந்தது.

இதை ஆதிக்கச் சாதிகளைப் பார்த்து மட்டும் சொல்லிவிட்டுப் போனால் எனக்கு எளிது. சென்ற ஆண்டு எனக்கு ஒரு அழைப்பு வந்தது. நான் பிறந்தது பட்டியல் சாதியில். எங்கள் சாதியின் பெயரில் இயங்கும் ஒரு சிறிய சங்கம். எங்கள் பக்கத்தில் புறம்போக்கு மேட்டில் சில கல்வட்டங்கள் இருக்கின்றன. பெரியவர்கள் அதைக் குள்ளர் வீடு என்பார்கள். அந்த இடத்தில், எங்கள் மன்னர் குலத்தின் நினைவிடம் என்று பலகை வைக்கப் போகிறார்கள், அதற்கு ஆய்வாளர் என்ற முறையில் நான் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். வந்து கேட்டவர் எனக்குப் பெரியப்பா முறை.

‘நீ எழுதினா யாரும் மறுக்க மாட்டாங்கம்மா. நாம யாரையும் அடிக்கப் போறதில்ல. நம்ம புள்ளைங்க தலை நிமிர்ந்து நடக்கணும், அவ்ளோதான்.’

சின்ன வயதில் ஊர்த்தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர் அவர். அவரிடம் இரும்புக்காலம், கல்வட்டம், எழுத்துச் சான்று இல்லை என்று வகுப்பெடுக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் எழுதித் தரவில்லை. அந்தக் கற்களில் எந்த அரசன் பெயரும் இல்லை, எந்தச் சாதியின் பெயரும் இல்லை பெரியப்பா என்று மட்டும் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டார். இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

அவர் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. கடந்த காலமே இல்லாதவர்கள் என்று சொல்லிச் சொல்லி நம்மை உட்கார வைத்தார்கள். அதற்கு எதிராகக் கடந்த காலத்தைத் தேடுவது தவறா? அயோத்திதாசர் தேடினார். அம்பேத்கரே 1946-இல் எழுதிய நூலில் சூத்திரர்கள் ஆதியில் சத்திரியர்கள் என்று வாதிடவில்லையா என்று சங்கத்துத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார். வாதிட்டார், உண்மை. ஆனால் அந்த நூல் எங்கே போய் முடிகிறது? பூணூல் சடங்கை மறுத்ததால் ஒரு கூட்டம் கீழே தள்ளப்பட்டது, அதாவது இழிவு பிறப்பால் வந்ததில்லை, செய்து வைக்கப்பட்டது என்று காட்டுவதில் முடிகிறது. 1948-இல் தீண்டப்படாதார் பற்றி எழுதிய நூலில் அவர் நமக்குத் தேடிக் கொடுத்தது சிம்மாசனம் இல்லை, பௌத்தம். அயோத்திதாசரும் பூர்வ பௌத்தர் என்றார். ஒருவரை ஒருவர் சமமாக நடத்திய காலம் ஒன்று இருந்தது என்று சொல்வது வேறு, நாங்களும் ஒரு காலத்தில் மற்றவர்கள் தலைமேல் உட்கார்ந்திருந்தோம் என்று சொல்வது வேறு. இரண்டாவதை ஏற்றால், தலைமேல் உட்காருவது சரி, ஆள்தான் மாறிவிட்டது என்றாகிறது. நம் கோரிக்கை அதுவா?

மறுபடி கல்லறைக்குள் போவோம். ஃப்ரோடோவுக்கு அங்கே ஒரு யோசனை வருகிறது. கையில் மாய மோதிரம் இருக்கிறது. போட்டுக்கொண்டால் மறைந்துவிடலாம், தான் மட்டும் தப்பித்து வெளியே புல்வெளியில் ஓடலாம். நண்பர்களுக்காக அழுவான்தான், ஆனால் வேறு வழியில்லை என்று பெரியவர்களே ஒத்துக்கொள்வார்கள் என்றும் நினைத்துக்கொள்கிறான். முதல் தலைமுறையாகப் படித்து நகரத்துக்கு வந்தவர்கள் இந்த இடத்தைக் கடந்து போக முடியாது. வாடகை வீடு கேட்கும்போது ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறோம், கல்லூரியில் எந்தப் பக்கம் என்று கேட்டால் நழுவியிருக்கிறோம். எல்லாம் சின்னச் சின்ன மோதிரங்கள். ஃப்ரோடோ அதைப் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்தில் கிடந்த குட்டை வாளை எடுத்து, நண்பர்களை நோக்கி ஊர்ந்துவரும் பேயின் கையை வெட்டுகிறான். பிறகு உதவி கேட்டுக் குரல் கொடுக்கிறான்.

பாம்பாடில் வருகிறார். மேட்டை உடைத்து வெளிச்சத்தை உள்ளே விடுகிறார். பேய் அலறிக்கொண்டு ஓடுகிறது. அடுத்து அவர் செய்யும் இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, உள்ளே இருந்த பொன்னையும் மணியையும் வெளியே அள்ளிவந்து வெயிலில் புல்மேல் பரப்புகிறார். பறவையோ விலங்கோ எல்ஃபோ மனிதரோ, நல்ல மனதோடு வருகிற எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார். அப்படிப் பொதுவில் விட்டால்தான் மேட்டின் கட்டு உடையும், பேய் திரும்பி வராது. தன் மனைவிக்காக நீலக்கல் பதித்த ஒரு ஊசியை மட்டும் எடுக்கிறார். அதை முன்பு அணிந்திருந்த பெண்ணை நினைத்துச் சற்று நேரம் நிற்கிறார். அவளை மறக்க மாட்டோம் என்கிறார். அவள் எந்த வம்சம் என்று சொல்லவில்லை. இரண்டாவது, அந்தக் குளிர்ந்த கந்தல்களைக் கழற்றிப் போடுங்கள் என்று ஹாபிட்களிடம் சொல்கிறார். அரச உடையைக் கந்தல் என்கிறார்! மூன்று பேரும் அம்மணமாக வெயிலில் புல்மேல் ஓடுகிறார்கள்.

அரசர்கள் திரும்பி வருவதையே கொண்டாடும் நாவல் இது. மூன்றாம் பாகத்தின் தலைப்பே அதுதான். அதற்குள்ளே இப்படி ஒரு காட்சியை டோல்கீன் எழுதினார் என்பதுதான் எனக்கு வியப்பு. பிற்பாடு அரகார்னின் ரத்தம், வம்சம், உடைந்த வாள் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. இந்த அத்தியாயத்தைச் சினிமாக்காரர்கள் கதைக்குத் தேவையில்லை என்று வெட்டியதும் ஒருவிதத்தில் பொருத்தம். படத்தில் ஹாபிட்களுக்கு வாள் கொடுப்பது வருங்கால அரசன் அரகார்ன். புத்தகத்தில் அவர்கள் அதைக் கல்லறையிலிருந்து எடுத்து வருகிறார்கள்.

ஆம், வாள்கள். பாம்பாடில் அந்தக் குவியலிலிருந்து ஆளுக்கொரு குறுவாளை எடுத்துக் கொடுக்கிறார். பழங்காலத்து மனிதர்களுக்கு அவை கத்திகள், ஹாபிட் கைக்கு வாள். கிரீடம் வேண்டாம், மோதிரம் வேண்டாம், இது மட்டும் வழியில் உதவும். கடந்த காலத்திலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறேன். பெரியப்பாவிடம் அன்றைக்கு எனக்கு இது நினைவுக்கு வரவில்லை. அந்தக் கல்வட்டத்தில் எழுத ஒன்றுமே இல்லை என்றில்லை. அவ்வளவு பெரிய கற்களை எங்கிருந்து, எத்தனை பேர் சேர்ந்து கொண்டுவந்தார்கள் என்று எழுதலாம். அந்தப் புறம்போக்கு மேடு குவாரிக்குப் போகாமல் காக்க அது உதவும். யாருடைய பெயரும் போடாமல் ஒரு பலகை வைக்கலாம். சங்கத்துக்கு அதை எழுதி அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை.

அந்த வாள்களில் ஒன்று மெர்ரியிடம் இருந்தது. கதையின் பிற்பகுதியில், பெலென்னோர் போர்க்களத்தில், அங்மாரின் பழைய சூனிய அரசனே எதிரில் நிற்கிறான். எந்த ஆண்மகனாலும் தன்னைக் கொல்ல முடியாது என்று இறுமாந்திருப்பவன். ஆண் வேடமிட்டுப் போருக்கு வந்த எயோவின் என்ற பெண்ணும், யாரும் கணக்கில் எடுக்காத இந்த ஹாபிட்டும்தான் அவனை வீழ்த்துகிறார்கள். மெர்ரி பின்னாலிருந்து முழங்காலுக்குப் பின்புறம் குத்துகிறான். வேறு எந்த ஆயுதமும் அவனுக்கு அப்படி ஒரு காயத்தைத் தந்திருக்காது என்கிறார் டோல்கீன். அந்த இடத்தில் அவர் கல்லறைக்குள் கிடந்த இளவரசனை நினைக்கவில்லை. பல நூறு ஆண்டுகளுக்கு முன் வடநாட்டில் உட்கார்ந்து அந்தக் கத்தியைப் பொறுமையாக அடித்துச் செய்த கைவினைஞனை நினைக்கிறார். தன் கத்தியின் கதி தெரிந்தால் அவன் மகிழ்ந்திருப்பான் என்று எழுதுகிறார். பேரோ-டவுன்ஸ் பற்றிய அத்தனை பக்கங்களிலும் ஒரு தொழிலாளிக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. பெயர் இல்லை. கத்தியும் மிஞ்சவில்லை. நெருப்பில் போட்ட காய்ந்த குச்சிபோலப் புகைந்து, சுருண்டு, மெர்ரியின் கண்முன்னே இல்லாமல் போயிற்று.